முகப்பரு ஒளிச்சிகிச்சை
முகப்பருவுக்குக் கிளினிக்குகளில் ஒளியைக் கொண்டு செய்யப்படும் சிகிச்சை. பருவில் பெருகும் கியூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்னும் நுண்ணுயிர் போர்பிரின் என்ற பொருளை உண்டாக்குகிறது. ஏறத்தாழ 415 நானோமீட்டர் நீல ஒளி பட்டதும் அதுவே அந்த நுண்ணுயிருக்கு எமனாகிறது. சிவப்பு ஒளி இன்னும் ஆழம் இறங்கி வீக்கத்தைத் தணிக்கும். கண்களை மூடிப் படுத்திருப்பவர் உணர்வது பெரும்பாலும் இளஞ்சூடுதான்.

மருந்து பூசிச் செய்யும் ஒளியியக்கச் சிகிச்சை அப்படியன்று: எரியும், சிவக்கும், தோல் உரியும், ஓரிரு நாள் வெயிலே ஆகாது. நிலநடுக்கோட்டுக்கு அருகே, மலேசியாவின் ஜொகூர் மாநில வடக்கிலுள்ள சிகாமட்டில் இது லேசான நிபந்தனையா? மாநிறத் தோலில் ஐபிஎல் எனப்படும் தீவிரத் துடிப்பொளியின் அளவு பிசகினால், பரு போன பின்னும் கருந்தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரன் அமைப்பின் 2016 மீளாய்வு, இச்சிகிச்சைகளின் பலனுக்கு உறுதியான சான்று போதவில்லை என்றது.