லாப்பேன் அஜில்

லாப்பேன் அஜில், பாரிஸ் நகரின் 18ஆம் வட்டாரத்தில், மொன்மார்த்ர் குன்றின் வடசரிவில் தே சோல் தெருவில் உள்ள பழைய காபரே. ஒரே அறை, மர மேசைகள், ஒரு பியானோ, ஒலிபெருக்கி இல்லாத குரல்கள். இவ்வளவே இதன் ஏற்பாடு. குன்றின் அடிவாரத்தில் 1889இல் திறக்கப்பட்ட மூலான் ரூஜ், மேடை நடனத்தாலும் ஆடம்பர உடைகளாலும் உலகப் புகழ் பெற்றது. அதற்கு மாறாக, பாடுபவரும் கேட்பவரும் அருகருகே அமரும் சிறிய காபரே மரபை லாப்பேன் அஜில் காத்து வருகிறது.

மரபின் தொடக்கம்

இம்மரபுக்கு வழிவகுத்தது ரொடோல்ஃப் சாலீ 1881இல் மொன்மார்த்ரில் தொடங்கிய ஷா நுவார். கவிஞர்கள் அங்கே தம் பாடல்களைத் தாமே பாடினர். எரிக் சாட்டி பியானோ வாசித்தார். ஆன்றி ரிவியேர் நிழற்கூத்து நடத்தினார். 1885இல் ஷா நுவார் வேறிடம் மாறியதும், அதன் பழைய இடத்திலேயே பாடகர் அரிஸ்தீத் புருவான் தம் சொந்தக் காபரேயைத் திறந்தார். ஏழைகள், கைதிகள், தெருவோர மக்கள் ஆகியோரின் பேச்சுமொழியைப் பாட்டாக்கியவர் அவர்.

வரலாறு

தே சோல் தெருக் கட்டடம் முன்பு 'கொலைகாரர்களின் காபரே' என அழைக்கப்பட்டது. கேலிச்சித்திரக்காரர் ஆந்த்ரே ஜில், வாணலியிலிருந்து துள்ளிக் குதிக்கும் முயலை இதன் பெயர்ப்பலகையில் வரைந்தார். 'ஜில்லின் முயல்' என்ற வழக்கே பின்னர் 'சுறுசுறுப்பான முயல்' என்ற பொருள் தரும் இப்போதைய பெயராயிற்று. இடிபடவிருந்த கட்டடத்தை விலைக்கு வாங்கிக் காப்பாற்றியவர் புருவான்.

நடத்துநர் ஃப்ரெடெரிக் ஜெரார், 'ஃப்ரெடே அப்பா' என்று அழைக்கப்பட்டார். கிட்டாரை மீட்டிப் பாடிய அவரைச் சுற்றி, வசதியற்ற இளங்கலைஞர்கள் கூடினர். அவர்களுள் பிக்காசோ, மோதிக்லியானி, கியோம் அப்போலினேர் ஆகியோரும் இருந்தனர். 1910இல் எழுத்தாளர் ரோலான் தோர்ஜெலே, ஃப்ரெடேயின் கழுதை லோலோவின் வாலில் தூரிகையைக் கட்டி ஓர் ஓவியம் தீட்டச் செய்தார். 'பொரொனாலி' என்ற கற்பனை ஓவியரின் பெயரில் அது சுயேச்சைக் கலைஞர் கண்காட்சியில் வைக்கப்பட்டது. 1922இல் புருவான் கட்டடத்தை ஃப்ரெடேயின் மகன் பாவ்லோவுக்கு விற்றார். 1972இல் பாடகர் ஈவ் மத்தியூ பொறுப்பேற்றார்.

மாலை நிகழ்ச்சி

இரவு ஒன்பது மணியளவில் தொடங்கும் நிகழ்ச்சி நள்ளிரவு கடந்தும் நீள்வதுண்டு. மங்கிய விளக்கொளியில், புகையேறிய சுவர்களில் ஓவியங்களும் சிற்பி வாஸ்லி செய்த சிலுவையேறிய கிறிஸ்துவும் தெரியும். பழச்சாராயத்தில் ஊறிய செர்ரிப் பழங்கள் சிறு கோப்பையில் பரிமாறப்படும். பாடகர்கள் நடு மேசையைச் சுற்றி அமர்ந்திருப்பார்கள். ஒருவர் எழுந்து பாட, மற்றவர்கள் பல்லவியில் சேர்வார்கள். நாட்டுப்புறப் பாட்டும் பழங்காலப் பாட்டும் புருவான் பாடல்களும் கவிதை வாசிப்பும் மாறிமாறி வரும். பல்லவி தெரிந்த விருந்தினரும் குரல் கொடுப்பார்கள். பெரிய அரங்கில் இந்த நெருக்கம் கைகூடாது; அறையின் சிறுமையே இக்கலையின் பலம்.

ஓவியத்தில்

பிக்காசோ 1905இல் தீட்டிய 'லாப்பேன் அஜிலில்' என்ற ஓவியத்தில், கோமாளி உடையில் அவரும், பக்கத்தில் ஜெர்மென் பிஷோ என்ற பெண்ணும், பின்னால் கிட்டாருடன் ஃப்ரெடேயும் காணப்படுகின்றனர். சில ஆண்டுகள் காபரேயின் சுவரிலேயே தொங்கிய இந்த ஓவியம், 1989இல் ஏலத்தில் 4 கோடி டாலருக்கு மேல் விலைபோய், இப்போது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது.