பி.யூ.சி. என்ற ஒற்றை வருடம்

நேமத்தான்பட்டியில் எங்கள் தலைமுறைக்கு டாக்டர் படிப்பின் வாசல் காரைக்குடியில் இருந்தது. 1947-ல் அழகப்பச் செட்டியார் கல்லூரி தொடங்குவதற்கு முன், இன்டர்மீடியட் படிக்கவே வெளியூர் போகவேண்டியிருந்தது. அந்தப் பக்கம் புதுக்கோட்டையில் மன்னர் கல்லூரி. ஆண்களே படித்த அந்தக் கல்லூரியில் படித்துவிட்டுத்தான், பின்னாளில் டாக்டரான முத்துலட்சுமி ரெட்டி 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். எங்கள் பக்கத்துப் பெண் பிள்ளைகளுக்கு அவர் பெயரை நான் சொல்லாத நாள் குறைவு.

பிறகு, இன்டர்மீடியட்டுக்குப் பதிலாக, ஒரே வருடப் புகுமுக வகுப்பான பி.யூ.சி. வந்தது. பள்ளிவரை தமிழில் படித்த பையனுக்கு, இங்கிலீஷில் நடக்கும் பாடம் காதில் ஏறுவதற்குள் வருடம் முடிந்துவிடும். அந்த மதிப்பெண்ணை வைத்துத்தான் மருத்துவ சீட். கொடுமையான ஏற்பாடு அது.

கிடைக்காதவர்கள் பி.எஸ்சி. விலங்கியலுக்கு வந்தோம். மெழுகுத் தட்டில் தவளையை மல்லாத்தி, கால்களில் குண்டூசி குத்தி, தோலையும் அடியிலுள்ள தசையையும் கத்தரித்து விலக்கினால் இதயம் இன்னும் துடித்துக்கொண்டிருக்கும். "நரம்பு அறுந்துடாம எடுத்துட்டியேப்பா!" என்று ஆசிரியர் சொன்ன அன்று, டாக்டர் ஆகாத வருத்தம் எனக்குப் பாதி தீர்ந்தது.

பி.யூ.சி.யும் போய், தமிழ்நாட்டில் 1978-ல் பிளஸ் டூ முறை வந்தது. 1984-ல் மருத்துவத்துக்கு நுழைவுத் தேர்வு. 2007-ல் அது ரத்து. 2017 முதல் நீட். அமெரிக்காவில் பெரும்பாலும் பட்டம் முடித்துத்தான் மருத்துவம். இங்கே அப்படியில்லை; பட்டத்தின் மதிப்பெண் மருத்துவச் சேர்க்கைக்கு உதவாது. அதனால் பெற்றோரே, விலங்கியலை விரும்பிக் கேட்கும் பிள்ளையை, சீட் கிடைக்காத பிள்ளை என்று தயவுசெய்து அறிமுகப்படுத்தாதீர்கள்.