கண்வலிக்கிழங்கில் உள்ள கோல்சிசின்: வேகவைத்தாலும் போகாத நஞ்சு

மூலனூர், தாராபுரம், அரவக்குறிச்சி, ஒட்டன்சத்திரம் பகுதிகளில் விதைக்காகப் பயிரிடப்படும் கண்வலிக்கிழங்கு, தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தள்தான். இதன் எல்லாப் பாகங்களிலும் கோல்சிசின் என்ற நச்சு ஆல்கலாய்டு உள்ளது. கிழங்கிலும் விதையிலும் அதிகம்.

வேதிப் பண்புகள்

ஒரு மூலக்கூறில் 22 கார்பன், 25 ஹைட்ரஜன், 1 நைட்ரஜன், 6 ஆக்சிஜன் அணுக்கள் உள்ளன. இளமஞ்சள் நிறத் தூள், கசக்கும். நீரிலும் ஆல்கஹாலிலும் கரையும். ஒளி பட்டால் சிதையும். எனவே காய்களை நிழலில் உலர்த்த வேண்டும். ஆனால், கிழங்கை வேகவைப்பதால் நஞ்சு நீங்காது.

பயனும் நஞ்சும்

கோல்சிசின் செல் பிரிதலைத் தடுக்கிறது. அதனால்தான் பயிர் இனப்பெருக்க ஆய்வில் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கப் பயன்படுகிறது. யூரிக் அமிலத்தால் வரும் கவுட் மூட்டுவலிக்கும் மிகக் குறைந்த அளவில் மருந்தாகிறது. அளவு மீறினால் குடல், எலும்பு மஜ்ஜை, சிறுநீரகம், இதயம் பாதிக்கப்படும்.

விவசாயிகள் கவனத்திற்கு

* விதைக்கிழங்கைச் சர்க்கரைவள்ளி, சேனை போன்ற உணவுக் கிழங்குகளுடன் சேர்த்து வைக்காதீர்கள். தனி மூட்டையில் 'நஞ்சு' என்று எழுதி, குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.
* கிழங்கு, விதைகளைக் கையாளும்போது கையுறை அணியுங்கள். பின்பு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.
* கழிவுக் கிழங்கு, செடிகளை ஆடு, மாடு மேயும் இடத்தில் போடாதீர்கள்.
* யாராவது தின்றுவிட்டால், அறிகுறிக்காகக் காத்திருக்காதீர்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு தொடங்கவே பல மணி நேரம் ஆகலாம். அது அடங்கினாலும், அடுத்த சில நாட்களில் உள்ளுறுப்புகள் செயலிழக்கக்கூடும். 108 ஆம்புலன்ஸை அழைத்து, தின்ற கிழங்கின் மீதியுடன் அரசு மருத்துவமனைக்கு உடனே செல்லுங்கள்.