பிரதியில் இல்லாதவர்கள்: பாவைக்கூத்தின் இரண்டு எடுபிடிகள்

1

ராமனுக்கு ஏடு இருக்கிறது. ராவணனுக்கும் இருக்கிறது. கூனிக்குக்கூட கம்பன் ஒரு மூலை ஒதுக்கியிருக்கிறான். ஆனால் தென்மாவட்டத்துத் தோல்பாவைக்கூத்தில் ஜனங்கள் யாருடைய வருகைக்காகக் காத்துக் கிடந்தார்களோ, அந்த உச்சிக்குடும்பனுக்கும் உளுவத்தலையனுக்கும் எந்த ஏட்டிலும் ஒரு வரி கிடையாது. கம்பனைத் தலைகீழாகப் புரட்டினாலும் இவர்கள் அகப்பட மாட்டார்கள். அயோத்தியிலும் இருக்கிறார்கள், இலங்கையிலும் இருக்கிறார்கள். கதைக்கு இவர்களால் ஆகவேண்டிய காரியம் ஒன்றுமில்லை. இவர்கள் இல்லாமல் கூத்தும் இல்லை.

கூத்தை நடத்துபவர்கள் மராத்தியைத் தாய்மொழியாகக் கொண்ட மண்டிகர்கள். 17ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் தொடங்கிய தஞ்சை மராட்டியர் ஆட்சியோடு இவர்களது தெற்கு நோக்கிய இடப்பெயர்ச்சியைத் தொடர்புபடுத்துவது வழக்கம். மதுரை, கோவில்பட்டி, திருநெல்வேலி, நாகர்கோவில் என்று ஊர் ஊராகக் கூடாரம் அடித்து, டிக்கெட் போட்டு, பத்து ராத்திரிக்கும் மேலாக ராமாயணம் நடத்தினார்கள். பட்டாபிஷேகம் முடிந்தால் மழை வரும் என்ற நம்பிக்கையும் ஊர்களில் உண்டு. வெள்ளைத் திரை, பின்னால் விளக்கு, ஆட்டுத்தோலில் வெட்டிச் சாயம் தீட்டிய படங்கள். திரைக்குப் பின்னால் ஒரே மனுஷன். எல்லாப் பாவைகளுக்கும் அவன்தான் குரல். ராமன் பேசுவது நாடகத் தமிழ். அதே தொண்டை அடுத்த நொடியில் ‘ஏலே’, ‘என்னவே’ என்று நம்மூர்த் தமிழுக்கு இறங்கும். வீட்டில் மராத்தி பேசுகிற தொண்டை அது. நெல்லைத் தமிழின் குசும்பை வெளியிலிருந்து வந்த ஒருவன் கூர்ந்து கேட்டு, பழகி, அதை நமக்கே திருப்பிக் காட்டினான் என்பதுதான் இந்த வரலாற்றின் முதல் வேடிக்கை.

தலைவனுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு கதையைக் கெடுக்கும் இந்த எடுபிடி எங்கிருந்து வந்தான்? அவனை நம் ஆய்வுகள் என்ன செய்தன? இந்த இரண்டு கேள்விகளையும் சேர்த்தே கேட்கவேண்டியிருக்கிறது.

2

தாமிரபரணிக் கரைக்கு இந்த ஆள் புதியவன் அல்ல. தாமிரபரணியோடு சிற்றாறு வந்து சேரும் சீவலப்பேரிப் பக்கம்தான் பழைய முக்கூடல். அங்கே பிறந்த முக்கூடற்பள்ளில் பண்ணைக்காரன் வருகிறான். ஆண்டையின் சார்பில் வயல் வேலையைக் கண்காணிப்பவன். அவனுடைய உடம்பு கோமாளி உடம்பாக வர்ணிக்கப்படுகிறது. அவன் வந்து நின்றாலே சிரிப்புதான். ஆனால் இந்தச் சிரிப்புக்கு ஒரு விலை இருக்கிறது. மூத்த பள்ளி முறையிட்டதும் அதே கோமாளி குடும்பனைத் தொழுவில் மாட்டுகிறான். கேலிக்குரியவன் கையில்தான் தண்டனையும் இருக்கிறது. பள்ளு நம்மைச் சிரிக்கவைத்துக்கொண்டே மரத்துளைக்குள் ஒரு உழவனின் காலை நுழைக்கிறது.

குற்றாலக் குறவஞ்சியில் இன்னொருவன், நூவன். 18ஆம் நூற்றாண்டில் மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் பாடியது. சிங்கன் பறவை பிடிக்க வருகிறான். நூவன் கண்ணி வைக்கிற கூட்டாளி. சிங்கனோ சிங்கியை நினைத்துப் புலம்பி வந்த வேலையைக் கோட்டைவிடுகிறான். தலைவியின் காதல் குற்றாலநாதர்மேல். அது உயர்ந்தது, பக்தியோடு சேர்ந்தது. சிங்கனின் காமம் கீழ்த்தளத்தில் அதையே திருப்பிக் காட்டும் கண்ணாடி. அந்தக் கண்ணாடிக்கும் பக்கத்தில் நின்று, ‘வேலையைப் பாரும் ஐயா’ என்கிற தொனியில் நிற்பவன் நூவன்.

இந்த இரண்டு பேரும் எழுதப்பட்டவர்கள். புலவன் யாப்புக்குள் அடைத்து வைத்தவர்கள். பண்ணைக்காரன் எவ்வளவு ஆடினாலும் நில ஒழுங்கு கலையாது. நூவன் எவ்வளவு துள்ளினாலும் கடைசியில் எல்லாம் குற்றாலநாதரின் பெருமையில் போய் முடியும். கோயிலும் ஜமீனும் புரவலராக இருந்த இலக்கியத்தில் சிரிப்புக்கு அனுமதிச் சீட்டு உண்டு, கூடவே எல்லையும் உண்டு.

பாவைக்கூத்தின் எடுபிடிகளுக்கு இந்தப் புரவலர் இல்லை. அவர்களுடைய புரவலர் டிக்கெட் வாங்கித் தரையில் உட்கார்ந்த கூட்டம். அன்றைக்குக் கூட்டம் எதற்குச் சிரிக்கிறதோ அதுதான் அன்றைய பிரதி. இதே கூத்தின் உறவு வடிவம் பாலக்காட்டுப் பக்கம் பகவதி கோயில் கூத்துமாடங்களில் கம்பன் பாட்டை வைத்து நடக்கிறது. எதிரே ஆளே இல்லாமலும் நடக்கும், அம்மன் பார்த்தால் போதும். சாமி மட்டும் பார்க்கிற இடத்தில் பாட்டுக்கு விளக்கம் சொல்லும் புலமை வளர்ந்தது. காசு கொடுத்த மனுஷன் பார்க்கிற இடத்தில் உளுவத்தலையன் வளர்ந்தான்.

3

எழுதப்படாமல் இருந்ததில் ஒரு அரசியல் லாபமும் இருந்தது. 1876இல் காலனிய அரசு நாடக நிகழ்த்துச் சட்டம் கொண்டுவந்தது. அதற்கும் இசை நாடக மேடை ஒரு வழி கண்டுபிடித்தது. பழைய திருநெல்வேலி மாவட்டத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) எழுதிய புராண நாடகங்களில் ஆட்சேபிக்க ஒன்றுமில்லை. பபூன் காட்சியும் கதைக்கு வெளியே பாடும் பாட்டும் அந்த எழுத்தில் இருக்காது. அந்த இடைவெளிக்குள்தான் தேசியம் புகுந்தது. விஸ்வநாததாஸ் (1886-1940) முருகன் வேஷத்தில் நின்றுகொண்டே வெள்ளைக்காரனைப் பாடினார். போலீஸ் மேடைக்கே வரவேண்டியிருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகும் 1954இல் சென்னை மாகாணம் தனியாக ஒரு நாடகச் சட்டம் போட்டது. எம்.ஆர். ராதாவைக் குறிவைத்தது என்று பரவலாகப் பேசப்பட்ட சட்டம். பிரதியை முன்கூட்டியே காட்டு என்று கேட்கிற அதிகாரத்துக்கு, பிரதியே இல்லாதவனை என்ன செய்வது என்று தெரியாது.

ஆனால் அதே காரணத்தால் நம்முடைய ஆய்வுக்கும் அவனை என்ன செய்வது என்று தெரியவில்லை. நா. வானமாமலை (1917-1980) பாளையங்கோட்டையிலிருந்து நாட்டார் கதைப்பாடல்களைப் பதிப்பித்தபோது முத்துப்பட்டனும் கட்டபொம்மனும் அச்சேறினார்கள். அது பெரிய காரியம். அவர்களுக்குக் கதை இருந்தது, சாவு இருந்தது, பாடுவதற்கு ஏடு இருந்தது. எடுபிடிக்கு இவை மூன்றும் இல்லை. அவன் சாவதில்லை, அடி வாங்கி எழுந்து அடுத்த காட்சியில் நிற்பான். துன்பியல் வீரனைத் தேடிப்போன முற்போக்கு ஆய்வு, சிரிப்பவனைக் கதைக்கு இடையே வருகிற ‘தமாஷ்’ என்று தாண்டிப் போனது. ஒழுக்கவாதிகள் அவனை ‘ஆபாசம்’ என்றார்கள். இரண்டு தரப்பும் வேறு வேறு காரணத்துக்காக அவனை வெளியே நிறுத்தின.

4

இந்த இடத்தில் பக்தினைக் கூப்பிட்டு, ‘இதோ களியாட்டம், இதோ விளிம்பின் கலகம்’ என்று முடித்துக்கொள்வது சுலபம். அப்படி முடிக்க முடியாதபடி ஒரு முள் இருக்கிறது. அது அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

‘உச்சிக்குடும்பன்’ என்றதும் உச்சிக்குடுமி ஞாபகம் வரும். சமஸ்கிருத நாடகத்து விதூஷகனும் பிராமணன்தான். பிராமணனாக இருந்தும் பிராகிருதம் பேசுகிறவன். கூடியாட்டத்தில் அவன் மலையாளத்தில் பேசி அரசனின் சுலோகத்தைத் தரைக்கு இறக்குவான். அந்த வழியில் பார்த்தால் கேலி மேல்நோக்கிப் போகிறது. ஆனால் இந்தப் பள்ளத்தாக்கில் ‘குடும்பன்’ என்ற சொல்லுக்கு வேறொரு கனம் உண்டு. அது நெல் விளைவித்த ஒரு சமூகத்தின் பட்டம். முக்கூடற்பள்ளின் தலைவனே வடிவழகக் குடும்பன்தான். இந்தப் பெயர் உட்பட ஏழு பெயர்களை ஒன்றாக்கி ‘தேவேந்திரகுல வேளாளர்’ என்று அழைக்கும் சட்டத்தை 2021இல் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. ஒரு பெயருக்காக அத்தனை வருஷம் போராட வேண்டியிருந்தது என்றால், பெயரில் எவ்வளவு அவமானம் ஏற்றப்பட்டிருந்தது என்று பார்த்துக்கொள்ளலாம்.

நான் இங்கே சொல்வது சொற்பிறப்பு முடிவு அல்ல. ஒரே பெயர் இரண்டு காதுகளில் இரண்டு விதமாக விழும் என்பதைத்தான் சொல்கிறேன். கூடாரத்துக்குள் உட்கார்ந்திருந்த கூட்டம் ஒரே ஜாதி அல்ல. ஒருவன் குடுமியைப் பார்த்துச் சிரித்தபோது, பக்கத்தில் இருந்தவன் யாரைப் பார்த்துச் சிரித்தான்? உளுவை என்பது ஒரு மீன். அந்தத் தலையை ஒரு மனுஷனுக்கு வைத்துச் சிரிப்பதில் உடல்குறையைக் கேலி செய்யும் பழைய குரூரமும் சேர்ந்தே இருக்கிறது. எடுபிடி மேலே இருப்பவனையும் கடிப்பான், கீழே இருப்பவனையும் கடிப்பான். எந்த ராத்திரியில், எந்த ஊரில், எந்தப் பக்கம் கடித்தான் என்பதுதான் வரலாற்றுக் கேள்வி. அதைக் கேட்காமல் அவனைக் கலகக்காரன் என்று கொண்டாடுவதும், ஆபாசம் என்று தள்ளுவதும் ஒரே சோம்பேறித்தனத்தின் இரண்டு முகம்.

5

இது நம்மூர் விவகாரம் மட்டும் அல்ல. ஜப்பானில் நோ நாடகத்தின் இறுக்கத்துக்கு நடுவே கியோகன் என்ற சிரிப்பு நாடகம் வரும். அதில் தாரோ காஜா என்ற வேலைக்காரன் எஜமானை ஏய்த்துக்கொண்டே இருப்பான். அதே நாட்டில் 2001இல் யோஷியோ சவாய் ‘போபோபோ-போ போ-போபோ’ என்றொரு சித்திரக்கதைத் தொடரை ஆரம்பித்தார். ஜனங்களின் முடியைப் பறிக்கும் ஒரு சாம்ராஜ்யத்தை எதிர்த்து மூக்குமுடியால் சண்டை போடுகிறான் நாயகன். அவன் கூடவே டான் பாட்ச் என்று ஒரு முள்ளு முள்ளான ஆரஞ்சுப் பந்து. சம்பந்தமே இல்லாமல் குறுக்கே விழுவான். நியாயமாக நான்தானே நாயகன் என்று அடம்பிடிப்பான். அச்சிட்ட எழுத்துக்குள்ளேயே எழுதப்படாதவன் மாதிரி நடிக்கும் பாத்திரம் அவன். அவனுடைய ஒவ்வொரு உளறலும் பதிவாகி, மொழிபெயர்ந்து, உலகம் சுற்றியிருக்கிறது. உளுவத்தலையனின் உளறல் அவன் பேசிய ராத்திரியோடு போயிற்று. அராஜகத்துக்கும் ஆவணம் உண்டாகலாம் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

6

சினிமா வந்தது, டிவி வந்தது, பத்து ராத்திரிக் கூடாரம் சுருங்கியது. கூத்து அரைமணி நேர விழிப்புணர்வு நிகழ்ச்சியாக மாறும்போது எடுபிடிகள்தான் மிஞ்சுகிறார்கள். ராமனுக்கு அங்கே வேலை இல்லை. வெற்றி மாதிரித் தோன்றும். ஆனால் பேச்சு முன்கூட்டியே எழுதப்பட்டு, எய்ட்ஸ் பற்றியோ சுகாதாரம் பற்றியோ ஒருவன் கேட்க மற்றவன் விளக்க, அறியாத ஜனத்தின் பிரதிநிதியாக உளுவத்தலையன் தலையாட்டிப் பாடம் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. 1954ஆம் வருஷத்துச் சட்டம் கேட்ட பிரதி, மானியத்தின் வழியாகக் கைக்கு வந்து சேர்ந்துவிட்டது.

நமக்கு முன்னால் இருக்கும் வேலை சின்னது, ஆனால் அவசரமானது. கூத்து தெரிந்த கலைஞர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் ராமாயணத்தை ஒப்பிக்கச் சொல்லிப் பதிவு செய்வதால் பெரிய பயன் இல்லை. எந்த ஊரில் எந்த வசனத்துக்குச் சிரித்தார்கள், எந்த ஊரில் அதே வசனத்துக்குக் கல் விழுந்தது, எந்தத் தெருவுக்கு முன்னால் எந்தச் சொல்லை விழுங்கினீர்கள் என்று கேட்கவேண்டும். விழுங்கின சொற்களின் பட்டியல் கிடைத்தால் இந்தப் பள்ளத்தாக்கின் ஜாதி வரைபடம் கிடைக்கும். கல்வெட்டு சொல்லாததை உளுவத்தலையன் சொல்வான். கேட்கிறவன் கூச்சப்படாமல் கேட்கவேண்டும், அவ்வளவுதான்.