சிறுவர் சமைத்த சிற்றுருக் கார்கள்

பொழுதுபோக்கென இகழப்படும் சிறுகலையொன்று பெருந்தொழிலொன்றின் நாற்றங்காலாக அமைந்தமையை ஐக்கிய அமெரிக்காவிற் காண்கின்றோம். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் பிஷர் பிரிவு 1930 இல் சிறுவர்க்கெனக் கைவினைஞர் கழகமொன்றை நிறுவிற்று. பெண்மக்களுக்கு அதன் வாயில் அடைபட்டிருந்தமை பெருங்குறையே. நெப்போலியன் காலச் சாரட்டின் சிற்றுருவை வரைபடம் வழுவாது அமைப்பதே முதற் போட்டி; அது கைத்திறனைச் சோதித்ததேயன்றிக் கற்பனையையன்று. 1937 இல் தாமே கருதிய புதுக் கார்களைச் சமைக்கும் போட்டியுஞ் சேர்ந்தது. பன்னிரண்டிலொரு பங்கு அளவில் மரத்தைச் செதுக்கி, மணற்கடதாசி கொண்டு தேய்த்து, மரவரி மறையுமளவும் பூச்சின்மேற் பூச்சாக வண்ணந் தீட்டுவர். ஒரு பூச்சு உலருமுன் மறுபூச்சிட விரைந்தவன் பல நாட் பாட்டை இழந்தான். வென்றோர்க்குப் பல்கலைக்கழகப் புலமைப்பரிசில் கிடைத்தது. 1947 இல் முதற் பரிசு பெற்ற சார்ள்ஸ் ஜோர்டன் 1986 இல் அந்நிறுவனத்தின் வடிவமைப்புத்துறைத் துணைத்தலைவரானார். கழகமோ 1968 இலேயே மூடப்பட்டுவிட்டது.