'தற்காலிகம்' என்ற சொல்லும் போர்க்கால அஞ்சல் பெண்களும்

முதல் உலகப்போர் தொடங்கிய 1914இல் பிரிட்டிஷ் அஞ்சல் துறையில் ஏறத்தாழ 2,50,000 பேர் பணிபுரிந்தனர். அவர்களுள் சுமார் 75,000 பேர் படையில் சேர்ந்தனர். அவ்வெற்றிடத்தை நிரப்பப் போரின் முதல் இரண்டாண்டுகளில் ஏறத்தாழ 35,000 பெண்கள் அமர்த்தப்பட்டனர், 'தற்காலிகப் பணியாளர்' என்ற பெயரில்.

அவர்கள் செய்த பணி எளிதானதன்று. போர்முனைக்குச் செல்லும் அஞ்சலைப் பிரிப்பதற்கென இலண்டன் ரீஜண்ட்ஸ் பூங்காவில் மாபெரும் மரக்கொட்டகை ஒன்று எழுப்பப்பட்டது. 1918இல் அங்கு உழைத்த சுமார் 2,500 பேருள் பெரும்பாலோர் பெண்கள். உச்சநிலையில் வாரந்தோறும் 1.2 கோடி கடிதங்களும் 10 லட்சம் பொதிகளும் அங்கு வந்து குவிந்தன. உறையின்மேல் ஊர்ப்பெயர் இராது. படைப்பிரிவின் பெயரே முகவரி. படைப்பிரிவுகளோ இடம் மாறிக்கொண்டேயிருந்தன.

இத்தகைய பொறுப்பைச் சுமந்தவர்களுக்கு உரிமைகள் மறுக்கப்பட்டதற்கு அந்த ஒரு சொல்லே போதுமான காரணமாயிற்று. நிரந்தரப் பணியாளருக்குரிய ஓய்வூதியம் அவர்களுக்கு இல்லை. ஊதியம் ஆண்களுடையதைவிடக் குறைவு. 1918க்குள் விலைவாசி ஏறத்தாழ இருமடங்காகியிருந்தது. அதை ஈடுசெய்ய வழங்கப்பட்ட போர்க்காலப் படியிலும் பெண்களுக்குக் குறைந்த விகிதமே. மணம் புரிந்த பெண் பணிவிலக வேண்டும் என்ற பழைய விதி தளர்த்தப்பட்டு, முன்பு விலகியோர் மீண்டும் அழைக்கப்பட்டனர். ஆனால் அத்தளர்வும் தற்காலிகமே.

இவ்வேற்றுமை அக்காலத்தவர் கண்ணுக்குத் தப்பவில்லை. தொழில்துறையில் பெண்களின் நிலையை ஆராய 1918இல் போர் அமைச்சரவை ஒரு குழுவை அமைத்தது. 1919இல் வெளிவந்த அதன் அறிக்கையுடன், உறுப்பினர் பியாட்ரிஸ் வெப் தனி அறிக்கையொன்றையும் அளித்தார். ஊதியத்தைத் தொழிலைக் கொண்டே வரையறுக்க வேண்டும். செய்பவர் ஆணா பெண்ணா என்பதைக் கொண்டன்று என்பது அவர் வாதம்.

போர் முடிந்து ஆண்கள் திரும்பியபோது பெண்களிற் பெரும்பாலோர் விடுவிக்கப்பட்டனர். மணத்தடை விதி அரசுப் பணியில் 1946இல்தான் நீங்கியது. சம ஊதியம் 1955இல் ஏற்கப்பட்டு, படிப்படியாக 1961இல் நிறைவேறியது.

சொல்லின் அகராதிப் பொருள் காலத்தைக் குறிக்கிறது. நிர்வாக வழக்கிலோ அது தகுதியைக் குறித்தது. எத்தனை நாள் உழைப்பார் என்பதைவிட, எவற்றைக் கோர இயலாதவர் என்பதையே 'தற்காலிகம்' அறிவித்தது. தொழிலாளர் வரலாற்றை ஆவணங்களின்வழி பயில்வோர் இத்தகைய பணிப்பெயர்களை வெறும் விவரமாகக் கடந்துவிடலாகாது. ஊதியப் பட்டியலுக்கு முன்பே ஊதியத்தைத் தீர்மானித்தவை அவையே.