தீவாந்தர தண்டனை: சென்னை மாகாணக் கைதிகள்

தீவாந்தர தண்டனை என்பது குற்றவாளியைச் சொந்த மண்ணிலிருந்து பெயர்த்து, கடல் கடந்த குடியேற்றம் ஒன்றில் சில ஆண்டுகளோ ஆயுள் முழுவதுமோ வைத்து வேலை வாங்கும் தண்டனையாகும். பிரிட்டிஷ் அரசு 1718ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் இதைத் தன் நாட்டில் நிலைநிறுத்தியது; 1780களின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனி இந்தியாவிலும் கைக்கொண்டது. சென்னை மாகாணத்தில் தண்டனை பெற்றவர்கள் சுமத்ராவின் பென்கூலன், பினாங்கு, சிங்கப்பூர், பின்னாளில் அந்தமான் முதலிய இடங்களுக்குக் கப்பலேற்றப்பட்டனர். குற்றத்தை ஒடுக்கும் கருவி என்றே சட்டநூல்கள் இதைச் சொல்லும். ஆனால் கைதிகளை எங்கே அனுப்புவது, அங்கே எப்படி நடத்துவது, அனுப்புவதை எப்போது நிறுத்துவது என்பவற்றையெல்லாம் குற்றத்தின் கனத்தைவிடக் குடியேற்றங்களின் ஆள்தேவையே தீர்மானித்தது என்பதற்குச் சான்றுகள் வலுவாக உள்ளன.

இங்கிலாந்தின் நடைமுறையிலிருந்தே இதைக் காணலாம். லண்டனில் புகைபோக்கி துடைக்கும் வேலை செய்த ஜான் ஹட்சன் என்ற சிறுவன், ஒரு வீட்டிலிருந்து சட்டை, காலுறைகள், கைத்துப்பாக்கி முதலியவற்றைத் திருடியதாக 1783இல் விசாரிக்கப்பட்டபோது அவனுக்கு வயது 9. விதித்த தண்டனை 7 ஆண்டு நாடுகடத்தல். அதுவரை இத்தகையோரை ஏற்றுக்கொண்டிருந்த அமெரிக்கக் குடியேற்றங்கள் விடுதலைப் போரில் இறங்கிவிட்டதால், அவன் ஆண்டுக்கணக்கில் கப்பல்சிறையில் காத்திருந்து, 1787இல் ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்ட முதல் கப்பல்தொகுதியில் ஏற்றப்பட்டான். குற்றமும் தீர்ப்பும் மாறவில்லை. மாறியது ஆள் வேண்டிய கண்டம் மட்டுமே. 1829இல் கைதிகளே இல்லாத குடியேற்றமாகத் தொடங்கிய மேற்கு ஆஸ்திரேலியா, கூலியாள் பற்றாக்குறையால் தானே கைதிகளைக் கேட்டு வாங்கி 1850 முதல் 1868 வரை வேலை வாங்கியதும் இந்தக் கணக்கையே காட்டுகிறது.

சென்னைக் கைதிகளின் வரலாறும் இதே தடத்தில் செல்கிறது. 1824ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி பென்கூலன் டச்சுக்காரர் கைக்குப் போனது. அங்கிருந்த கைதிகளைக் கம்பெனி தாய்நாட்டுக்குத் திருப்பி அனுப்பவில்லை. காடு திருத்தவும் சாலை போடவும் ஆள் வேண்டியிருந்த புதிய துறைமுகமான சிங்கப்பூருக்கு மாற்றியது. 1825 ஏப்ரல் 18 அன்று அங்கே வந்திறங்கிய முதல் தொகுதியில் இருந்த 80 பேரும் சென்னையிலிருந்து நாடுகடத்தப்பட்டவர்கள். அடுத்த அரை நூற்றாண்டில் அந்நகரின் சாலைகள், பாலங்கள், அரசுக் கட்டடங்கள் பலவற்றில் கைதிகளின் உழைப்பு சேர்ந்தது. 1862இல் திருநிலைப்படுத்தப்பட்ட புனித ஆண்ட்ரூ பேராலயத்தின் உட்சுவர்களுக்குச் சென்னைப் பக்குவத்தில் சாந்து பூசப்பட்டது: சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் சேர்த்து, தேங்காய் மட்டை ஊறிய நீர் விட்டு அரைத்த கலவை அது. கொத்து, தச்சு, கொல்லு வேலைகளைக் கைதிகளுக்குக் கற்பித்துத் தொழிலாளிகளாக்கியதைக் கைதிகளின் பொறுப்பாளராக இருந்த மெக்நாயர் 1899இல் வெளியிட்ட நூலில் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். ஹட்சன் சில்லறைத் திருட்டில் சிக்கிய சிறுவன். சென்னையிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் கொலை, கூட்டுக்கொள்ளை போன்ற வழக்குகளில் சிக்கியவர்கள். இருவரையும் ஒரே தட்டில் வைக்கலாமா? வேறுபாடு உண்மைதான். 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டம் சாதாரணத் திருட்டுக்கு மூன்றாண்டுச் சிறைதான் விதித்தது. முன்பே தண்டனை பெற்றவர் சொத்து தொடர்பான கடுங்குற்றத்தில் மறுபடி சிக்கினால்தான் 75ஆம் பிரிவின்படி கடல் கடக்க நேரலாம். ஆனால் அனுப்பப்பட்ட எல்லோரும் கொடியவர்கள் என்று கொள்ளவும் இடமில்லை. வேலூர்க் கோட்டையில் 1806 ஜூலை 10 அன்று கிளர்ந்தெழுந்த சிப்பாய்களில் சிலருக்கும் இதே தண்டனைதான் கிடைத்தது. தவிர, சிங்கப்பூரில் கைதிகளை மேற்பார்த்தவர்களும் நன்னடத்தையால் உயர்ந்த கைதிகளே. ஆறு வகுப்புகளாகப் பிரித்த முறையில் மேல்வகுப்புக்குப் போனவர் வெளியே தங்கிப் பிழைக்கவும் முடிந்தது. செய்த குற்றத்தை வைத்தே அவர்களை எடை போட்டிருந்தால், கொலைக்குற்றவாளியின் கையில் உளியும் சம்மட்டியும் கொடுத்து, இன்னொரு கைதியைக் காவலுக்கு நிறுத்தியிருக்க மாட்டார்கள்.

கடல் கடந்தால் சாதி போகும் என்ற அச்சமே இத்தண்டனையின் உயிர்நாடி, எனவே நோக்கம் அச்சுறுத்தல்தான் என்பது இரண்டாவது மறுப்பு. அதிகாரிகள் அப்படி நம்பியது மெய். தண்டனையை ஏன் தேர்ந்தார்கள் என்பதை அந்த அச்சம் விளக்கும். பென்கூலனை விட்டபின் ஏன் சிங்கப்பூர் என்பதை விளக்காது. நிறுத்தியதற்கான காரணமும் அதில் இல்லை. கைதிகளைக் கொண்டுவந்து தங்கள் ஊரில் கொட்டுவதை எதிர்த்து, 1857 கிளர்ச்சிக்குப் பின் இன்னும் அஞ்சிய சிங்கப்பூர் ஐரோப்பிய வணிகர்கள் குரல் எழுப்பினர். 1867இல் சிங்கப்பூர், பினாங்கு முதலிய குடியேற்றங்கள் இந்திய நிர்வாகத்திலிருந்து பிரிந்தன. 1873இல் கைதிச் சிறை கலைக்கப்பட்டு, எஞ்சியோர் அந்தமானுக்கு மாற்றப்பட்டனர். அங்கே 1858 மார்ச் 10 அன்றே 200 கைதிகளைக் கொண்டு காடழிப்பு தொடங்கியிருந்தது. சிங்கப்பூருக்குக் கைதி வேண்டாதபோதும் இந்தியாவில் அச்சத்தின் அளவு குறைந்துவிடவில்லை. தண்டனை இடம் மாறி நீடித்தது.

நாடுகடத்தலால் சிலர் வாழ்வு பெற்றதையும் சுட்டிக்காட்டுவர். 1789இல் மற்றொரு சிறுமியின் உடைகளைப் பறித்ததற்காகத் தூக்குத் தண்டனை பெற்று, பின்னர் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்ட மேரி வேட் பெரிய குடும்பத்தின் மூதாட்டியாக 1859இல் மறைந்தார். அந்நாட்டின் முன்னாள் பிரதமர் கெவின் ரட் அவர் வழிவந்தவர். ஆனால் தப்பிப் பிழைத்தவரின் நல்வாழ்வு, தண்டித்தவரின் நோக்கத்துக்குச் சான்றாகாது. வெள்ளையருக்குச் சட்டம் தனி வழியும் வைத்திருந்தது: இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 56ஆம் பிரிவு, ஐரோப்பியரையும் அமெரிக்கரையும் நாடுகடத்தாமல் வேறு வகைக் கடுந்தண்டனைக்கு உட்படுத்தச் சொன்னது. ஒரே நாட்டில் ஒரே குற்றத்துக்குத் தண்டனை பெற்ற இருவரில் யாரைத் தீவுக்கு அனுப்பலாம் என்பதை இனம் முடிவு செய்தது. சுதந்திர இந்தியா 1955இல் சட்டத்தைத் திருத்தி, தீவாந்தர தண்டனையின் இடத்தில் ஆயுள் சிறையை வைத்தது. அதற்குள் கைதிகளை எதிர்பார்த்து நின்ற குடியேற்றம் எதுவும் மிஞ்சியிருக்கவில்லை.